அடுப்பு மூட்ட மறுத்த மக்சிக்

தெருக்கோடியில் அந்தப் பச்சைக் குடை தெரிந்தால் போதும். கோப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டு ஊர் நியாயம் பேசிக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்கள் பாதிக் கோப்பியை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். குடைக்குக் கீழே வருவது போலீஸ்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணச் சமையல் செய்யும் ஒரு பெண்மணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பூப்போட்ட சாரோங், மேலே வெள்ளைக் கெபாயாச் சட்டை, ஊசி குத்திய சின்னக் கொண்டை, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். பக்கத்தில் வந்தால் பாண்டான் இலை வாசம் அடிக்கும்.

மலாக்காவில், எங்கள் காஜா பேராங்கில் எல்லோருக்கும் அவர் மக்சிக்தான். மலாயில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். மலாக்கா செட்டி குடும்பம். எங்களைப் போலவே திருநீறு பூசுவார், பொங்கல் வைப்பார், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது கோயில் சொற்களும் சமையல் சொற்களும்தான். அதிலும் மரியாதை என்கிற பிரிவே கிடையாது. குழந்தைக்கும் 'நீ', கோயில் ஐயருக்கும் 'நீ'.

ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தை மட்டும் யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதில் ஒரு பிசகும் இருக்காது. எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்பதுதான் வழக்கம். மக்சிக் அதைக் கேட்கமாட்டார். எதிரே வரும் ஆணுக்குத் தலை நரைத்திருந்தால் குடையைச் சற்றுத் தூக்கி, முகத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார்:

"ஒண்ணுக்கு நல்லா போவுதா?"

இப்போது சிரிக்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடியிருக்கிறோம். பொண்டாட்டியே புருஷனிடம் கேட்காத கேள்வி அது. பையன்கள் அவருக்கு 'ஒண்ணுக்கு மக்சிக்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதில் விழாமல் இல்லை. விழுந்தபோது, பெயர் நன்றாக இருக்கிறது, இதையே சொல்லிக் கூப்பிடுங்கள், அப்போதாவது உங்கள் தாத்தாக்களுக்கு நினைவு வரட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்புறம் அந்தப் பெயரைச் சொல்வதில் பையன்களுக்கே சுவாரசியம் போய்விட்டது.

கோயில் தலைவரிடம் அவர் கேட்டதுதான் ஊரில் நெடுநாள் பேச்சு. தலைவர் சரிகை வேட்டி கட்டி, மேல்துண்டை இடுப்பில் சுற்றி, தீபாராதனைக்கு முதல் ஆளாக நின்றிருந்தார். நடுவில் இரண்டு முறை பின்பக்கம் போய்விட்டு வந்தார். மக்சிக் பொங்கல் பானையை இறக்கிவைத்துவிட்டு நேரே அவரிடம் போய்த் தன் ஒற்றை வாக்கியத்தைக் கேட்டார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்தோம். தலைவருக்கு முகம் குங்குமமாகிவிட்டது. சாமி முன்னால் என்ன பேச்சு இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மக்சிக் யோசிக்கவே இல்லை.

"சாமிதானே அதையும் படைச்சது?"

ஆனால் ஒன்று. கேள்விதான் ஊருக்குக் கேட்கும். பதில் அவர் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அதே தலைவர் கொஞ்ச நாள் கழித்து, வாழைக்காய் கேட்பது போல அவர் வீட்டுப் பின்வாசலுக்குப் போய், எந்த டாக்டர், எந்த அறை என்று விசாரித்திருக்கிறார். இதை மக்சிக் யாரிடமும் மூச்சு விடவில்லை. பல வருடம் கழித்துத் தலைவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சமையலைச் சொல்லாமல் விட்டால் அவருக்குக் கோபம் வரும். எங்கள் சாம்பாரில்கூடக் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுவிடுவார். இது என்ன சாம்பாரா, மலாய்க்காரன் கறியா என்று குறை சொல்லிக்கொண்டே சனங்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவார்கள். பந்தி நடக்கும்போது கொட்டகைக்குள் இருக்கமாட்டார். கரண்டியோடு வெளியே வந்து, இலை இலையாகப் பார்த்து, மீதம் வைத்தவர்களைத் திட்டி, சிரித்து, இன்னொரு கரண்டி போடுவார். அவர் சிரிப்பு பெரிய சிரிப்பு. உடம்பு முழுக்கச் சிரிக்கும். அவர் இருக்கிற கல்யாணத்தில் மேளக்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்படிப்பட்டவரிடம்தான் என் அப்பா மாட்டிக்கொண்டார்.

அப்பா லாரி ஓட்டினார். செங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு மலாக்கா துறைக்குக் கொண்டுவருவது வேலை. லாரி ஒரு சீனத் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்குச் சொந்தம், ஆனால் அப்பா அதைத் தன் சொத்து போலத்தான் துடைத்து வைத்திருப்பார். அந்த லாரியில் என்ஜின் டிரைவர் காலடியிலேயே இருக்கும். வெயில் நேரத்தில் இருக்கை கொதிக்கும். அதனால் அறுபதை நெருங்கிய அப்பாவுக்கு அடிக்கடி ஒன்றுக்கு வர ஆரம்பித்தபோது, காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. என்ஜின் சூடு இருக்கை வழியாக உடம்பில் ஏறிவிட்டது.

சூட்டுக்கு வைத்தியம் எங்களுக்குத் தெரியாதா? அம்மா காலையில் பானை நிறையப் பார்லி காய்ச்சுவாள். அப்பா அதைப் போத்தல்களில் ஊற்றி லாரியில் வைத்துக்கொள்வார். போகிற வழியில் இளநீர். வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இதெல்லாம் போதாதென்று ஒரு சாக்கை நனைத்து மடித்து இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினார். இறங்கும்போது பின்பக்கம் ஈரமாக இருக்கும். பார்த்தவர்கள் வேறுவிதமாக நினைத்துக்கொண்டார்கள். பார்லி குடிக்கக் குடிக்கத் தொல்லை அதிகமாயிற்று. தொல்லை அதிகமாக ஆக, சூடு இன்னும் இறங்கவில்லை என்று அம்மா பானையைப் பெரிதாக்கினாள்.

மக்சிக் தேங்காய்க்கும் வாழை இலைக்கும் செங் பக்கம் போகும்போது அப்பாவின் லாரியில்தான் போவார். ஒருநாள் போய்த் திரும்பியவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா லாரியை விடப் போயிருந்தார். உன் புருஷன் வழியில் புதருக்குப் புதர் வண்டியை நிறுத்துகிறார், போய் நிற்கிறார், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார், பிறகு ஒன்றும் நடக்காதவர் முகத்தோடு வந்து ஏறுகிறார், இது சூடு இல்லை என்று அம்மாவிடம் மலாயில் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மாலை அப்பாவிடம் பட்டும் படாமலும் எடுத்துச் சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா. என்ஜின் சூடு" என்று அப்பா சொல்லிவிட்டுப் பார்லி கேட்டார்.

அது மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருடம். ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டில் கூடுதலாக என் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீடு புக்கிட் ரம்பாய். ஆனி மாதத்தில் முகூர்த்தம் பார்த்துவிட்டார்கள். சமையல் யார் என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் வெற்றிலைத் தட்டோடு மக்சிக் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். கல்யாணப் பெண் அதற்கெல்லாம் போகக் கூடாதுதான். நான் வீட்டில் தையல் வேலை செய்துவந்தேன். அவருடைய கெபாயா ஒன்றைத் தைத்து முடித்திருந்தேன். அதைக் கொடுக்கிற சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சமையலுக்கு ஆள் பேசுவது இப்படி. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுபோய் நீட்டுவோம். சமையல் செய்பவர் தட்டை அப்படியே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். முடியாது என்றால் தட்டைத் தொடமாட்டார், கைகூப்பி ஏதாவது காரணம் சொல்லுவார். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். மக்சிக் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். தட்டிலிருந்து ஒரே ஒரு வெற்றிலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மீதித் தட்டை அப்பா பக்கம் தள்ளிவிட்டார்.

"நீ ஆஸ்பத்திரி போ. டாக்டர் பார்க்கட்டும். அப்புறம் தட்டு கொண்டா. நான் சமைக்கிறேன்."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "மக்சிக், நான் என் மக கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கேன்" என்றார். 

"தெரியும். கல்யாணத்துல நீ நிக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்."

அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அம்மா பின்னால் ஓடினாள். நான் கெபாயாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். மக்சிக் அதை வாங்கி விரித்துப் பார்த்து, தோள் கொஞ்சம் இறுக்கம் என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

மலாக்காவில் சமைக்க இவர் ஒருத்திதானா என்று அப்பா வேறு ஆள் தேடிக் கிளம்பினார். செங்கில் ஒருவரைக் கேட்டார். பண்டார் ஹிலிரில் ஒருவரைக் கேட்டார். புக்கிட் ரம்பாயில் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன ஒருவரையும் போய்ப் பார்த்தார். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சிரித்த முகத்தோடுதான் வந்தார்கள். ஆனால் ஒருவரும் அதைத் தொடவில்லை, செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. மக்சிக் ஒரு வெற்றிலையை எடுத்து வைத்திருக்கிறார், திருப்பித் தரவில்லை. அந்த இலை அவர் கையில் இருக்கும்வரை கல்யாணம் அவருடையது. இன்னொருவர் போய் அடுப்பு மூட்டினால் சமையல்காரர்களுக்குள் முகத்தில் முழிக்க முடியாது. பண்டார் ஹிலிர்க்காரர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஏதோ சண்டை போலிருக்கிறது, போய்ச் சமாதானமாகிவிடுங்கள் என்றாராம். என்ன சண்டை என்று அப்பாவால் சொல்லவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினார். பொம்பளைக்கு இவ்வளவு திமிரா, ஓட்டலில் சொல்லிச் சாப்பாடு வாங்கிப் போடுகிறேன், கல்யாணத்தையே கோலாலம்பூரில் வைக்கிறேன் என்றெல்லாம் சொன்னார். நடுவில் இரண்டு தடவை பின்பக்கம் போய் வந்தார். இரண்டாவது தடவை வெகுநேரம் ஆயிற்று. வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை. அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்று அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பார்லிப் பானையை இறக்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தாள். "அவங்க கேக்கறதுல என்னங்க தப்பு? எனக்குக் கேக்க வாய் வரல. அவங்க கேட்டாங்க" என்றாள். மறுநாள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

போனார். கல்யாணச் சாப்பாட்டுக்காக மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனார். அம்மாவும் நானும் போனோம், மக்சிக்கும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். வரவேண்டாம் என்று அப்பா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. அப்பாவை மேசையில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கையுறை மாட்டிக்கொண்டு, பின்வழியாக விரல் விட்டுப் பார்த்தார். இந்த ஒரு விரலுக்குத்தான் காஜா பேராங் ஆண்கள் பச்சைக் குடையைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் அம்மா மெதுவாக, ரொம்ப வலித்ததா என்று கேட்டாள். 

"லாரிக்கு டயர் மாத்தறதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். மூத்திரப் பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும், கொட்டைப்பாக்குப் போல ஒரு சுரப்பி இருக்கிறது. புரோஸ்டேட் என்று பெயர். வயது ஏற ஏற அது பெருத்து வழியை அடைக்கும். சிலருக்கு அதில் புற்று வரும். விரலுக்கு மெத்தென்று பட்டால் வெறும் வீக்கம், கல்லாகப் பட்டால் புற்றாக இருக்கலாம். அப்பாவுக்கு மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் பெரிதாக வீங்கியிருக்கிறது, பை தொப்புள்வரை நிறைந்து கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கும் என்றார். என்ஜின் சூட்டைப் பற்றி அம்மா கேட்டாள். டாக்டர் சிரிக்காமல், இல்லையம்மா, இருக்கைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். நனைந்த சாக்கு அன்றோடு லாரியிலிருந்து போயிற்று.

அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். கல்யாணம் ஆனியிலிருந்து ஆவணிக்குத் தள்ளிப்போனது. மாப்பிள்ளையின் அப்பா, என் மாமனாராகப் போகிறவர், ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியலில் எழுந்து கடற்கரைப்பக்கம் நடப்பவர், ஒரு தலைவலிக்குக்கூட மருந்து தின்றதில்லை என்று பெருமை பேசுபவர். ஆரோக்கியம் முதலில், முகூர்த்தம் பிறகு என்று சொல்லியனுப்பினார்.

அறுவை நடந்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நானும் மக்சிக்கும் உட்கார்ந்திருந்தோம். அம்மா பக்கத்துக் கோயிலுக்குப் போயிருந்தாள். மக்சிக் சும்மா இருப்பவர் இல்லை. அன்று சும்மா இருந்தார். வெற்றிலை மடிக்கக்கூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. பேச்சுக் கொடுப்பதற்காக, உங்களுக்கு மட்டும் எப்படி மக்சிக் இப்படி வெட்கமே இல்லாமல் இருக்கிறது என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் மலாயில் பதில் சொன்னார். மலாயில் மாலு என்றால் வெட்கம்.

"நானா? என்னைவிட மாலு யாருக்கு இருந்துச்சு? என் புருஷன் பேரை நான் சொன்னதில்ல. அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டதில்ல. விடியக்காலம் அவரே தன் சாரோங்கைத் துவைச்சுக் காயப்போடுவார். நான் பார்த்தேன். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடப்பார். அதையும் பார்த்தேன். கேக்கல. அவருக்குச் சொல்ல மாலு. எனக்குக் கேக்க மாலு. ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துக்கிட்டு மாலுவைக் காப்பாத்தினோம். கடைசியில இங்கதான் தூக்கிட்டு வந்தேன். எலும்புல ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். ஏன் முன்னாலயே வரலன்னு கேட்டார். நான் என்னன்னு சொல்றது?"

கையில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தார். பிறகு தமிழில், எனக்காக, "இப்ப கேக்கறேன். எல்லார்கிட்டயும்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெரிய சிரிப்புக்குள் இது இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் அழவில்லை. டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும் எழுந்து நின்று, சாரோங்கைச் சரிசெய்துகொண்டு, டாக்டரைப் பார்த்து, உனக்கு அப்பா இருக்கிறாரா, அவருக்குப் பார்த்தாயா என்று கேட்டார்.

அப்பா தேறி வந்தார். வெட்டியெடுத்ததைச் சோதித்துப் பார்த்ததிலும் கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்தது. வெற்றிலைத் தட்டு இரண்டாம் முறை மக்சிக் வீட்டுக்குப் போனது. இந்த முறை அப்படியே உள்ளே போயிற்று.

கல்யாணம் மெர்டேக்காவுக்குக் கொஞ்ச நாள் பின்னால் நடந்தது. ஊரில் தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. எது எதற்குக் கட்டியது என்றே தெரியாதபடி எங்கள் பந்தலும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. மக்சிக் அன்று சமைத்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சமைத்ததில்லை. சாம்பாரில் தேங்காய்ப்பால் வழக்கத்தைவிட அதிகம். யாரும் குறை சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பந்தலில் சாய்ந்திருந்தபோது அப்பா ஒன்றைக் கவனித்தார். பின்பக்கம் போகிற வழி சமையல் கொட்டகையைத் தாண்டித்தான் போகும். மக்சிக் அங்கே உட்கார்ந்திருந்ததால், போக வேண்டியவர்கள் கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு, வேலியைத் தாண்டி, சேற்றில் கால் வைத்துப் போனார்கள். வேட்டி நுனியெல்லாம் சேறு. அப்பா சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு எழுந்து நின்றார். நாலு பேர் முன்னால் நின்று பேசி அறியாதவர்.

"இந்தாங்க, கேளுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டேன். ஒரு விரல், ஒரு நிமிஷம். உயிரும் போவல, மானமும் போவல. இந்த வாரம் லாரியை எடுத்துக்கிட்டு வர்றேன். வர்றவங்க ஏறிக்குங்க."

ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். சொன்னபடி அந்த வாரத்தில் ஒருநாள் காலை கோயில் முனையில் லாரி நின்றபோது மாமா வந்தார், சித்தப்பா வந்தார், கோப்பிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். லாரியைத் தரமாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று அப்பா பயந்துகொண்டிருந்த தவுக்கே, வண்டியைக் கொடுத்ததோடு நில்லாமல் தானும் பின்னால் ஏறி ரப்பர் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார். என் மாமனாரும் புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். தனக்கு ஒரு தொல்லையும் இல்லை, சம்பந்தி எடுத்துச் செய்கிற காரியம், துணைக்கு வருகிறேன் என்றார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மக்சிக் தலையை வெளியே நீட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணப் பந்தி முழுக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நீ ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை, உனக்கு வேண்டாம், இடத்தை அடைக்காதே என்றார். மாமனார் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார்.

வேட்டி கட்டிய நரைத்தலைகள் நிறைய ஒரு லாரி ஊருக்குள் போனால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? ஏதோ கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று நினைத்துச் சாலையோரம் நின்ற பையன்கள் கையைத் தூக்கி மெர்டேக்கா என்று கத்தினார்கள். லாரியில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போகிற இடத்தைச் சொல்லவா முடியும்? முதலில் தவுக்கே கையைத் தூக்கினார். அப்புறம் எல்லோரும் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்திக்கொண்டே போனார்கள். முன்னால் மக்சிக் சிரித்த சிரிப்பில் லாரியே குலுங்கியது என்று அப்பா சொல்வார்.

இப்போது என் மகன்கள் வருடா வருடம் ஒரு சிறு குழாய் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடுகிறதாம். தேவையென்றால்தான் மற்றதெல்லாம். குடும்பத்தில் இருந்ததால் சீக்கிரமே ஆரம்பிக்கச் சொன்னார்கள், ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த வசதி ஏது? டாக்டரின் ஒரு விரல்தான்.

அந்த விரல், லாரியில் போன அன்று, ஒருவரைத் தவிர எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சிலருக்கு வீக்கம், சிலருக்கு அதுவும் இல்லை. நின்றது என் மாமனாரிடம்தான். ஓரத்தில், ஒரு பயற்றளவு, கல்லாக இருந்தது. எழுந்து போகாதவர், தொல்லையே இல்லாதவர், துணைக்கு வந்தவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று சொல்லி அங்கே அறுவை செய்தார்கள்.

செய்தியைச் சொல்ல நானும் என் கணவரும் மக்சிக் வீட்டுக்குப் போனோம். அவர் வடை சுட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். உனக்கு வேண்டாம் என்று நான்தானே சொன்னேன், இடத்தை அடைக்காதே என்று நான்தானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வடை கருகியது. நான்தான் எழுந்து சட்டியை இறக்கினேன். அதற்குப் பிறகு அவர் யார் எத்தனை முறை எழுந்து போகிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டார். தலை நரைத்திருந்தால் போதும், பிடித்துக்கொண்டார்.

என் மாமனார் அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். என் பிள்ளைகள் எல்லோருக்கும் பெயர் வைத்தது அவர்தான்.